மார்கழியில் யாரும் வீடு பார்ப்பதில்லை

நம் தரகர் வாட்ஸப் குழுவில் பதினேழு பேர் இருக்கிறீர்கள். மூன்று பேர்தான் என்னை எழுதச் சொன்னீர்கள். மற்ற பதினான்கு பேரும் படிப்பீர்களா என்று தெரியாது. படிக்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். இந்த மாதம் நீங்கள் போட்ட வீட்டு வீடியோக்களில் இருபத்திரண்டைப் பார்த்தேன். இருபத்திரண்டும் பளிச்சென்ற வெயிலில் எடுத்தவை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

கொடைக்கானலில் முப்பத்தோரு வருடம் வீட்டுத் தரகு பார்த்து ஓய்ந்தவன் நான். பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி இதையெல்லாம் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் நாயுடுபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று வாங்கியதை நீங்கள் நின்ற இடத்திலேயே போனில் எடுத்துவிடுகிறீர்கள். போனில் வராத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்பதை வாங்குபவர் காதில் விழும்படி எண்ணுங்கள். இறங்கும்போது அல்ல, ஏறும்போது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்பதைக் காகிதத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாய்ச்சொல்லில் பார்க்காதீர்கள். பீரோவை ஓர் அடி நகர்த்தச் சொல்லி அதன் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

இந்த நான்கையும் எவரும் சொல்வார்கள். ஐந்தாவதை நான் ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தொழில் காட்டியவர் எப்போதும் பழுப்பு நிறக் கோட்டு போட்டிருப்பார். நல்ல மனிதர். முதல் நாளே என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “ஏலே, பார்ட்டியப் பதினோரு மணிக்குக் கூட்டியா. ஒரு மணிக்குள்ள வெரசா மேல ஏத்தி டீக்கடையில ஒக்கார வச்சிரு.” ஒரு மணிக்கு மேல் பல நாள் மூடுபனி ஏறிவிடும். பனி ஒரு குற்றமில்லை. ஆனால் முதன்முதலாக வீடு பார்ப்பவர் பனியில் நின்றால், எதிரே இருக்கிற மலையும் தெரியாது, நாம் சொல்வதும் ஏறாது. பத்தொன்பது வருடம் நான் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வீடு காட்டினேன்.

அவர் எனக்குச் சொல்லித் தராமலே நான் கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு. மார்கழியில் நம் ஆட்கள் வீடு பார்க்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே தரகருக்கு அது விடுமுறை. மார்கழி முதல் தேதி நானும் என் மனைவியும் வத்தலக்குண்டில் மகள் வீட்டுக்கு இறங்கிவிடுவோம். தை இரண்டாம் தேதி திரும்புவோம். இதில் யாருடைய தப்பும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மலைவீடு தன் குணத்தைக் காட்டுகிற ஒரே மாதத்தில், வாங்குகிறவரும் அதற்குள் நிற்பதில்லை, விற்றுத் தருகிறவரும் நிற்பதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மே மாதம் பழனியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அடிவாரத்தில் விபூதி, சூடம், சாம்பிராணி விற்கிற கடை. அவர் பெயர் முத்துச்சாமி, அந்த அம்மாள் பெயர் ராஜாமணி. அந்த அம்மாளுக்கு இளைப்பு. கடைக்கு மேலேதான் வீடு. இருபத்தாறு வருடம் அந்தப் புகையிலும் தூசியிலும் இருந்ததில் நெஞ்சு கெட்டுவிட்டது. வீட்டை மாற்றுங்கள், காற்று சுத்தமாக இருக்கட்டும், வெயில் படட்டும், ஈரம் மட்டும் ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பழனி வீட்டை விற்றுவிட்டு மலையில் ஒரு வீடு. விற்றுவிட்டால் திரும்பிப் போய்த் தங்க அங்கே இடம் கிடையாது.

நான் காட்டியது ஞானம்மாளின் வீடு. ஞானம்மாள் சிறு பெண்ணாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். ஒரு பள்ளிக்கூட விடுதியில் இருபத்து நான்கு வருடம் சமையல் வேலை பார்த்து அந்த வீட்டைக் கட்டினார். கணவர் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டதால், கீழே ஆடலூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மகளிடம் போய்விட நினைத்தார். அங்கே குளிர் இவ்வளவு கிடையாது.

வீட்டுக்குத் தெற்கே மேடு. மேட்டில் சாலை. சாலைக்கு மேலே இன்னொருவர் நிலத்தில் உயரமான யூகலிப்டஸ் மரங்கள். சாலையிலிருந்து இருபத்தேழு படி இறங்கினால் வடக்குப் பார்த்த வீடு. முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஜன்னல் பதினொன்று, குழாய் ஐந்து. வெயிலைத்தானே முதலில் கேட்பார்கள் என்று, அவர்கள் வருவதற்கு முன்பு மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்து நோட்டில் குறித்து வைத்தேன். காலை ஏழு நாற்பதுக்கு முன்சுவரில் வெயில் படுகிறது, மாலை நான்கு வரை இருக்கிறது. மூன்று நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. எந்தத் தரகர் இப்படி எழுதி வைத்துக் காட்டுவார் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

ராஜாமணி அம்மாள் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்: “குளிர்காலத்துலயும் இதே மாதிரி வருமாங்க?”

“சூரியன் என்னைக்கும் கெழக்கதாம்மா உதிக்குது” என்றேன் நான். முத்துச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் படியேறிய பிறகு ஞானம்மாள் என்னை நிறுத்தினார். “சார், அந்தத் தாயிக்கு நெஞ்சு சரியில்லைங்கிறீங்க. மார்கழியில ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க” என்றார். மார்கழியில் யாரம்மா வீடு பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு நானும் படியேறினேன். டீக்கடையில் அவர்கள் காத்திருந்தார்கள்.

முன்பணம் கைமாறி அக்ரிமென்ட் எழுதினோம். பழனி வீட்டுக்கு ஆள் பார்க்க நேரம் வேண்டும் என்று முத்துச்சாமி கேட்டார். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது என்று தள்ளித் தள்ளி, தை மாதத்தில் வைத்தோம். பழனி வீட்டுப் பத்திரம் தை நான்கு, இங்கே தை ஆறு.

அந்த வருடம் வத்தலக்குண்டில் மகள் வீட்டில் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்ததால் நாங்கள் இறங்கவில்லை. மார்கழி பத்தொன்பதாம் தேதி காலை, தாய்ப்பத்திரத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். வாங்குவதற்காக ஒன்பதரை மணிக்கு ஞானம்மாள் வீட்டுக்கு இறங்கினேன். மேலே சாலையில் நல்ல வெயில். பத்தாவது படியில் வெயில் நின்றுவிட்டது. இருபதாவது படியில் என் கை மரத்துவிட்டது. வீட்டு முன்னால் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது.

உள்ளே பகலிலேயே விளக்கு எரிந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஞானம்மாள் அடுப்படியில் தலையோடு கம்பளி போர்த்து, விறகடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தார். பாயும் தலையணையும் அங்கேயே இருந்தன. கார்த்திகை பாதியிலிருந்து தை முடியும்வரை அடுப்படியில்தான் படுக்கை என்றார். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்குக் குளிர் பழகின சோலி, இந்த முழங்கால்தான் இப்போது கேட்பதில்லை என்றார். குறைசொல்கிற குரலில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் வகுப்பில் படித்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கோடையில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், மார்கழியில் தெற்கே இறங்கிவிடும். வடக்குப் பார்த்த சரிவுக்கு மே மாதம் முழுக்க வெயில். மார்கழியில் மேடும் மரமும் மறைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண். மூன்று நாள் எண்ணியதை வைத்துக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

நகலை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். பன்னிரண்டு பத்துக்கு இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக வீட்டின் பின்பக்கச் சுவரில் வெயில் பட்டது. பன்னிரண்டு ஐம்பதுக்குப் போய்விட்டது. நாற்பது நிமிடம். மறுநாள் போனேன், முப்பத்தெட்டு நிமிடம். அதற்கு மறுநாள் மேகம், ஒன்றும் இல்லை.

இந்த மூன்று நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுவதுதான் முறை. அவர்களே வந்து பார்த்து, கேட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நான் எதையும் மறைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஹீட்டர் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னொரு காரணம் தேடியபோது கிடைக்கவில்லை. தை நான்கு அன்று பழனி வீடு கைமாறிவிடும். அப்புறம் அந்த அம்மாள் இளைத்தாலும் இருமினாலும் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

முத்துச்சாமிக்குப் போன் போட்டேன். மார்கழி முடிவதற்குள் இருவரும் ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். மார்கழியில் எவனாவது வீடு பார்ப்பானா, இத்தனை வருடம் தொழில் செய்கிற உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். நான் இழுத்தேன். அவர் குரல் மாறியது.

“உண்மையச் சொல்லுங்க சார். வேற எவனாச்சும் கூடக் கேட்டுட்டானா?”

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அதிக விலைக்கு ஆள் வந்துவிட்டால், பழைய பார்ட்டியை மிரட்டிக் கழற்றிவிடுவது நம் தொழிலில் இருக்கிற வித்தைதான். நான்கு பேர் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் போனில் வெயில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதையும் அந்த வித்தையில் சேர்ப்பார். கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார், மார்கழியில் பார்க்கவும் மாட்டார்.

அந்த நேரத்தில் ராஜாமணி அம்மாள் போனைக் கையில் வாங்கினார். நான் உடைத்துச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் விளையாட்டாகப் பதில் சொல்லிவிட்டேன் அம்மா, அந்தப் பதில் தப்பு என்றேன். மறுபக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

“மார்கழி கோயிலுக்கு நல்ல மாசந்தானுங்க. அங்கன மேல முருகன் கோயிலு இருக்குல்ல, அதுக்கு வர்றோம். வர்ற வழியில அந்தக்கா வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சா, அது வீடு பாக்குறதாகாது.” பக்கத்தில் கணவர் ஏதோ முணுமுணுத்தார். “நீங்க வெளியவே நில்லுங்க. காப்பி குடிக்கப் போறது நானு” என்று அவரிடம் சொல்வதும் கேட்டது.

மார்கழி இருபத்து நான்கு அன்று வந்தார்கள். வெள்ளனே கிளம்பிக் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு நெற்றி நிறைய விபூதியோடு படியிறங்கினார்கள். அன்றைக்கு நான் ஒரே ஒரு முடிவு எடுத்திருந்தேன். எதையும் சுட்டிக்காட்டக் கூடாது, நோட்டை வெளியே எடுக்கக் கூடாது. மே மாதத்தில் நான் அதிகமாகப் பேசியதுதான் கோளாறு.

முத்துச்சாமி வெளியே நிற்கவில்லை. ஐந்து நிமிடத்தில் குளிர் தாங்காமல் உள்ளே வந்துவிட்டார். “எங்க கடையில சாம்பிராணி போட்டாத்தான் பொகை. இங்க வாயத் தொறந்தாலே பொகையா வருது” என்று சிரித்தார். ஞானம்மாள் அந்த அம்மாளை அடுப்படிக்கு அழைத்தார். ராஜாமணி அம்மாளோ கூடத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இல்லக்கா. நான் நாளைக்குப் பொழங்கப் போறது இங்கனதான? இங்கயே இருந்து பாக்கேன்.”

ஞானம்மாள் பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீ கொண்டுவந்தார். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். மகள் கதை, பேரன் கதை, தோட்டத்தில் காட்டுமாடு புகுந்த கதை. பன்னிரண்டு பத்துக்குப் பின்பக்கச் சுவரில் வெயில் பட்டதும் முத்துச்சாமி துள்ளி எழுந்து, வந்துவிட்டது பாருங்கள் என்று மனைவியைக் கைபிடித்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். இருவரும் வெயிலில் நின்றார்கள். வெயில் சுவரில் நகர நகர அவர்களும் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். சுவரின் மூலைவரை போனார்கள். அதற்கப்புறம் நகர இடமில்லை. முத்துச்சாமி மேலே மரங்களை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

இரண்டு மணிக்கு அந்த அம்மாளுக்கு இழுக்க ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சுக்கு நடுவில் ஒரு சின்ன விசில் சத்தம். பையிலிருந்து மருந்தை எடுத்து வாயில் வைத்து இழுத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தை மட்டும் நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை.

மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்கலாமா என்றார் முத்துச்சாமி. அது அடுத்தவர் மரம், மலையில் மரம் வெட்ட அனுமதி கிடைப்பதும் கஷ்டம் என்றேன். அப்படியானால் ரூமுக்கு ஒரு ஹீட்டர் போட்டுவிடலாம் என்றார்.

“ஹீட்டருக்காகவா மலைக்கு வாறோம்?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் ராஜாமணி அம்மாள். “எட்டு மாசமா ஒவ்வொரு இருமலுக்கும் இந்த வீட்டத்தான் நெனச்சுப் பொறுத்துக்கிட்டேன். வீடு நல்ல வீடுங்க. எனக்குத்தான் ஆகாது.”

எல்லோரும் ஞானம்மாளைப் பார்த்துவிடாமல் இருக்கப் பார்த்தோம். சட்டப்படி முன்பணத்தை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அவரோ உள்ளே போய் அக்ரிமென்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு இதைக் கிழிக்க வேண்டுமா, எழுதி ரத்து செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

புறப்படும்போது ராஜாமணி அம்மாள் ஞானம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்கள நட்டாத்துல விட்டுட்டுப் போறேனேக்கா.”

“மொதல்ல நீங்க மூச்ச விடுங்க தாயி. நான் இன்னும் ரெண்டு மார்கழி தாங்குவேன்” என்றார் ஞானம்மாள்.

பழனிக்காரர்கள் தங்கள் வீட்டை விற்கவில்லை. அடுத்த மார்கழியில் மறுபடி கோயிலுக்கு வந்தார்கள், மூன்று வீடுகளில் காப்பி குடித்தார்கள். கிழக்குப் பார்த்த சரிவில் ஒரு வீட்டைத் தையில் வாங்கினார்கள். அங்கே மார்கழியிலும் எட்டேகாலுக்கு வெயில். பதினைந்து நாள் தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குகிறவர் மார்கழியில் வரமாட்டார் என்றால் நீங்கள் போங்கள். காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் உட்காருங்கள். அப்போது ஒரு வீடியோ எடுத்து, சித்திரையில் எடுத்ததோடு சேர்த்து அனுப்புங்கள். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று நம் குழுவில் ஒருவர் சொன்னார். ஓடட்டும். மீதிப் பேர் தெரிந்து வாங்குவார்கள். விற்கிறவரைப் பேசவிடுங்கள். அந்த வீட்டில் குளிர்காலத்தில் துணி எங்கே காயப்போடுகிறார், எந்த அறையில் படுக்கிறார் என்று கேளுங்கள். அவர் தானாக ஒன்று சொன்னால், படியில் ஏறாமல் நின்று கேளுங்கள்.

நான் மே மாதம் நின்று கேட்டிருந்தால், ஞானம்மாளின் வீட்டுக்குப் பொருத்தமான ஆளை அந்தக் கோடையிலேயே தேடியிருப்பேன். அப்படி ஆட்கள் இல்லாமல் இல்லை. இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி. பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் ஒரு வீடு தேடினார். வெயில் இல்லை என்று ஞானம்மாளே முதலில் சொன்னார். “நாங்க பொழுதன்னைக்கும் காட்டு வெயில்ல கெடக்குறவங்க. வீட்டுக்குள்ளயும் அது எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்க்கப் போய்விட்டார். அவர் வந்து பார்த்ததும் ஒரு மார்கழியில்தான். தை பிறந்ததும் பதிந்தோம்.

எண்ணிப் பார்த்தால், நடுவில் ஞானம்மாளுக்கு அவர் சொன்னபடியே இரண்டு மார்கழி ஆகிவிட்டது. அந்த இரண்டு மார்கழியும் நாங்கள் வத்தலக்குண்டுக்கு இறங்கவில்லை. என் வீட்டு முன்னால் எட்டரைக்கெல்லாம் வெயில் வந்துவிடும். காலையில் வந்து மதியம்வரை எங்களோடு உட்கார்ந்திருங்கள், ஆட்டோ அனுப்புகிறேன் என்று ஞானம்மாளிடம் என் மனைவியை விட்டுச் சொல்லச் சொன்னேன், நானும் போய்ச் சொன்னேன். வந்தார். ஆனால் அந்த முழங்காலோடு முதலில் இருபத்தேழு படி ஏற வேண்டும். இரண்டு மார்கழியும் சேர்த்து ஐம்பத்தொன்பது நாள். அதில் ஒன்பது நாள்தான் அவரால் வர முடிந்தது. மீதி ஐம்பது நாளும் அந்த அடுப்படியில்தான் இருந்தார்.